தொட்டுப் பாருங்க

அந்தப் பட்டுக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் எனக்குச் சேலைகளைக் காட்டவில்லை. சொல்லக்கூடாத சொற்களைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்.

"சேலைன்னு சொல்லாதம்மா, கலெக்‌ஷன்னு சொல்லு. விலை கம்மின்னு வாய் தவறிக்கூட வரக்கூடாது. உங்க பட்ஜெட்டுக்குள்ள வரும்னு சொல்லணும். பழைய டிசைன்னு ஒண்ணு நம்ம கடையில கிடையாது, எல்லாம் டிரெடிஷனல். கனமா இருக்கேன்னு கேட்டா, ரிச்சா இருந்தா வெயிட் இருக்கத்தான் செய்யும் மேடம்னு சொல்லணும். புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். அவர் சென்னையில் பெரிய ஜவுளிக்கடையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஆரணியில் சேலைக்குக் குறைவில்லை, பேச்சுதான் இல்லை என்பார். தொண்ணூறுகளின் நடுவில் அது. வேலூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கல்யாண வீட்டார் கார் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்குப் பட்டெடுக்க வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களிடம் பேசுவதற்கென்று எங்களைப் போன்ற பெண்களை எடுத்தார்கள்.

நான் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன். சேத்துப்பட்டு சாலையில், டவுன் பஸ் போகும் தூரத்தில் எங்கள் காலனி. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கப் போனாள். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலில் காலாலேயே கிண்டிக்கொண்டு நடக்கும் வேலை. தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். எங்கள் வீட்டில் பட்டு என்று ஒரு முழத்துணிகூட இருந்ததில்லை.

முதலாளி என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். ஊருக்குள்ளா, காலனியா என்று கேட்கவில்லை. ஒரு சேலையை எடுத்துக் கொடுத்து, "இதைப் பத்தி எதுனா பேசும்மா" என்றார். மாம்பழ நிறம். மாம்பழம் மாதிரியே இதுவும் வெயிலில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறமாகத் தெரிகிறது, வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் இன்னும் பழுத்திருக்கும் என்று பயத்தில் என்னவோ உளறினேன். முதலாளி மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். அதோடு வேலை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பட்டெல்லாம் நீ தொடலாமா?"

"தொடாம எப்பிடிம்மா விக்கறது?"

அம்மா கொஞ்சம் தடுமாறினாள். "அதுக்கில்லடி. கை சொரசொரன்னு இருந்தா நூல இழுத்துக்கும்னு சொல்லுவாங்க" என்று பேச்சை மாற்றினாள். பிறகு தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துவிட்டாள். அவளுடைய கைதான் சொரசொரப்பாக இருந்தது.

கடையில் தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும். அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள், இந்தப் பக்கம் நாங்கள். சேலையை எடுத்து ஒரே வீச்சில் பிரித்து முந்தியை அவர்கள் மடிக்கு நேராக விழவைக்க வேண்டும். மேனேஜரின் சொற்களைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். ஆனால் அவை எல்லாக் கடையிலும் சொல்கிற சொற்கள். கேட்கிறவர்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். நான் ஒன்றைக் கவனித்தேன். விலை உயர்ந்த சேலையைப் பிரித்ததும் பெண்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். ஆசை கண்ணில் இருக்கும், கை மடியில் இருக்கும். நான் முந்தியின் ஓரத்தை எடுத்து அவர்கள் கையிலேயே வைத்துவிடுவேன். "தொட்டுப் பாருங்க மேடம். நான் சொல்றதைவிட அது நல்லாச் சொல்லும்" என்பேன். அப்புறம் வாயை மூடிக்கொள்வேன்.

அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துவிட்டு, மற்றப் பெண்களிடமும் அப்படியே சொல்லச் சொன்னார்.

ஒரு தடவை வேலூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலை மகளுக்குப் பிடித்துவிட்டது. உடம்புப் பகுதியில் ஓரிடத்தில் ஓர் இழை மட்டும் தடிப்பாக ஓடியிருந்தது. அம்மாக்காரி கண்டுபிடித்துவிட்டார்.

"இது டேமேஜ் பீஸாம்மா?"

"மிஷின்ல நெய்ஞ்சிருந்தா இந்தக் கோடு இருக்காது மேடம். ஒரு மனுஷன் உக்காந்து நெய்ஞ்சது இது. கையெழுத்துப் போட்ட மாதிரி. இதே மாதிரி இன்னொண்ணு வேணும்னு உலகம் பூரா தேடினாலும் கிடைக்காது."

மகள் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். அதையே எடுத்துக்கொண்டு போனார்கள். மேனேஜர் அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னது பொய்யும் இல்லை. கைத்தறியில் அப்படி வரும். இருந்தாலும் குறை என்று ஒதுக்குகிற ஒன்றை என் வாய் சிறப்பு என்று ஆக்கிவிட்டது, அதில் எனக்குப் பெருமைதான்.

வீட்டிலும் அதே பேச்சுதான். ராத்திரி அம்மா களி கிண்டி வைத்தால் நான் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தொட்டுப் பாருங்க மேடம், நான் சொல்றதைவிட இது நல்லாச் சொல்லும்" என்பேன். தம்பி புரையேறச் சிரிப்பான். "துன்னுடி, ஆறிப்போவுது. கடையில பேசிகினு இருந்தது போதாதா?" என்பாள் அம்மா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சில வருடங்கள் நன்றாக இருந்தன. வந்தவாசிப் பக்கம் அம்மாவின் தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். நெல் லாரி ஓட்டுகிறவர். தை பிறந்ததும் உறுதி செய்துகொள்ளலாம் என்று பேச்சு.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் இருக்கும். தீபாவளி வியாபாரத்தில் கூட்டம் நெரியும்போது வலது கை மோதிர விரலில், நகத்தை ஒட்டி ஒரு வெள்ளையைப் பார்த்தேன். எங்கேயோ சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று தேய்த்தேன். போகவில்லை. கார்த்திகைக்குள் பக்கத்து விரலுக்கு வந்துவிட்டது. பொங்கலுக்குள் புறங்கையில் இரண்டு இடம். என் நிறத்துக்கு அது எட்டத்திலிருந்தே தெரிந்தது.

அம்மா பச்சிலை அரைத்துப் பூசினாள். படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். தெருவில் யாராவது கேட்டால், "கொதிக்கிற எண்ண தெளிச்சிட்ச்சி" என்று முந்திக்கொண்டு சொல்வாள். ஆனால் சனங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு. வெண்குஷ்டம். அந்தப் பெயரை என் காதுபட முதலில் சொன்னது குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண். சொல்லிவிட்டுக் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

வந்தவாசியிலிருந்து ஆள் வந்தது. ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், அதில் ஏதோ சரியாக அமையவில்லையாம். "உங்க பொண்ணுக்கு இதைவிட நல்ல எடமா அமையும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வைத்த காபியைக் குடிக்காமல் கிளம்பினார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. இல்லை என்பதை இல்லை என்று சொல்லாமல் சொல்வதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அம்மாதான் வாசலிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

கடையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் அரக்கு நிறச் சேலை ஒன்றைப் பிரித்துப் போட்டேன். அரக்கின்மேல் என் விரல்கள் அப்படித் தெரியும் என்று எனக்கே அதுவரை தெரியாது. வழக்கம்போல முந்தியை எடுத்து எதிரே இருந்த ஓர் அம்மாவின் கையில் வைக்கப்போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். அது சேலைக்குப் பயந்து இழுத்த கை இல்லை. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுந்து போய் முதலாளியின் மனைவியிடம் மெல்ல என்னவோ சொன்னார். அரக்குச் சேலையை வேறொரு பெண் வந்து மடித்தாள்.

அன்று மாலையில் முதலாளியம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனுஷிதான். கடையில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் பார்த்துச் செய்கிறவர்.

"நாள் பூரா உக்காந்து பேசிப்பேசி களைச்சுப் போயிட்டம்மா நீ. கொஞ்ச நாளைக்கு உள்ள பேக்கிங் பாத்துக்கோயேன். ரெஸ்ட்டா இருக்கும். சம்பளத்துல ஒண்ணும் மாத்தம் இல்ல. பேக்கிங் இன்சார்ஜ்னே வெச்சிக்கலாம்."

பக்கத்தில் மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரிங்கம்மா" என்றேன். பேக்கிங்குக்கு அதுவரை இன்சார்ஜ் என்று யாரும் இருந்ததில்லை. ஓரத்தில் ஒரு மேஜை, அட்டைப் பெட்டிகள், பைகள், அவ்வளவுதான். பெட்டிகளின்மேல் தங்க எழுத்தில் 'ராயல் பிரைடல் கலெக்‌ஷன்' என்று அச்சடித்திருக்கும்.

தம்பி என்னை வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா என் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ மாதம் கழித்து அம்மாவும் தம்பியும் தவிர வேறொருவர் என் கையைத் தொட்டார். அது நினைவில் இருக்கிறது.

"இதுக்குப் பேரு வெண்புள்ளி. குஷ்டம்னு யாராவது சொன்னா நம்பாதே. இது ஒட்டாது, யாருக்கும் பரவாது. தோல்ல நிறம் போயிடுது, அவ்வளவுதான். மருந்து தரேன். சிலருக்குத் திரும்ப நிறம் வரும், சிலருக்கு வராது."

வெண்புள்ளி. அந்தச் சொல்லைக் கேட்டதும் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போது தம்பியிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நல்ல சொல்தான். ஊருக்கே எடுத்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியும்மா. கஸ்டமருக்குத் தெரியணுமே" என்றார்.

கஸ்டமருக்குத் தெரியவைப்பதுதானே என் தொழில் என்று நினைத்தேன். அந்த வாரமே ஒரு முகூர்த்த நாளுக்கு முன் நல்ல கூட்டம். ஒரு பெண் தன் பெட்டியை வாங்கிக்கொள்ள என் மேஜைக்கு வந்தார். படித்தவர், கனிவான முகம். பெட்டியை நீட்டியபோது அவர் பார்வை என் விரலில் நின்றது. நான் சிரித்துக்கொண்டே, கவுன்ட்டரில் பேசும் அதே குரலில் சொன்னேன். "இது வெண்புள்ளி மேடம். நிறம் மட்டும்தான் போயிருக்கு. ஒட்டாது, பரவாது. டாக்டரே கையைப் பிடிச்சிப் பாத்துட்டுச் சொன்னாங்க."

அவர் கவனமாகக் கேட்டார். "ஓ, அப்படியா? பாவம், சீக்கிரம் சரியாயிடும்" என்றார். சிரிக்கவும் செய்தார். பிறகு திரும்பி, அந்தப் பக்கம் நின்ற பையனிடம், "தம்பி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துக் காருல வெச்சிடுறியா?" என்றார்.

அதற்கப்புறம் நான் யாரிடமும் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை. தடித்த இழையைக் கையெழுத்து என்று நம்பவைத்த எனக்கு இதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. இல்லை, வார்த்தை சரியாகத்தான் இருந்தது. கேட்டவருக்கும் புரிந்தது. வாங்கிக்கொள்ள மனமில்லை.

சில வருடம் அப்படியே போயிற்று. மருந்தில் பெரிய பலன் இல்லை. வெள்ளை மணிக்கட்டு வரை வந்தது. கடை பெரிதாகி, கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் வந்தன. அப்போதுதான் உள்ளூர் கேபிள் டிவியில் விளம்பரம் போடலாம் என்று முதலாளி முடிவெடுத்தார். வேலூரிலிருந்து வீடியோ எடுக்கிறவர்கள் வந்தார்கள். என்ன வசனம் வைப்பது என்று அவர்களுக்குள் பேசினார்கள். தேவலோகத்துப் பட்டு, மகாராணி அலங்காரம் என்று என்னென்னவோ எழுதினார்கள். மேனேஜருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பேக்கிங் மேஜைக்கு வந்து என் எதிரே நின்றார். அவருக்கும் அதற்குள் முடி நரைத்துவிட்டது.

"நீ கவுன்ட்டர்ல சொல்லிகினு இருப்பியேம்மா, தொட்டுப் பாருங்கன்னு. அதை வெச்சிக்கலாமா?"

"வெச்சிக்கோங்க சார்."

"உனக்கு ஒண்ணும்…"

"இல்ல சார். நல்லா இருக்கும்."

நடிக்க வந்த பெண் சென்னைக்காரி. இருபது வயதிருக்கும். அழகான கைகள், நகத்தில் ரோஜா நிறச் சாயம். அவள் அந்த வாக்கியத்தை மூச்சுவிடாமல் சொன்னாள். எத்தனை தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "தொட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டு நிறுத்தணும். அவங்க தொடறதுக்கு நேரம் கொடுக்கணும். அப்புறம்தான் மிச்சத்தைச் சொல்லணும்" என்றேன். அவள், "அக்கா, நீங்க ஒரு தடவ சொல்லிக் காட்டுங்களேன்" என்றாள். கேமராவுக்குப் பின்னால் நின்று சொல்லிக்காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, முகமும் மாறவில்லை. போகும்போது, "தாங்க்ஸ்க்கா" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

விளம்பரம் நன்றாக வந்திருந்தது. அகல் விளக்கு, வீணைச் சத்தம், பட்டின்மேல் மெதுவாக வழுக்கிப்போகும் அந்தக் கை. கடையில் வைத்திருந்த டிவியில் அது நாள் முழுக்க ஓடியது. பெட்டிகளில் சேலையை வைத்து மூடிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வீட்டில் நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவிலும் கேபிள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். வேகமாக வந்து என் முன்னால் நின்றாள்.

"அது உன் பேச்சுடி."

"கடைப் பேச்சும்மா."

"இல்ல. உன் பேச்சு. தட்டத் தூக்கிப் புட்ச்சிகினு சொல்லுவியே, எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு உன் பேச்ச பேசுது?"

அவள் என் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் பிள்ளையின் பேச்சு மட்டும் வேண்டும், பிள்ளை வேண்டாமா என்று எனக்குக் கேட்கும்படி ஒரு தடவை சொன்னாள். அப்புறம் சொல்லவே இல்லை. அவள் அழுது நான் பார்த்தது அப்பா போனபோது ஒரு தடவை, அதற்கப்புறம் அன்றைக்கு.

அதற்கடுத்த வருடம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. களத்துத் தூசி நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்றார்கள். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சோறு ஊட்டினால் என் கையால்தான் சாப்பிடுவாள். பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் வேண்டுமென்றே, "நீ பெசஞ்சி குடுடி" என்று கேட்பாள். மழைக்காலம் தாண்டவில்லை. ஒரு விடியலில் போய்விட்டாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். அம்மாவைக் குளிப்பாட்ட வாசலில் மறைப்புக் கட்டினார்கள். நான் மஞ்சள் கிண்ணத்தை எடுத்தேன். சின்னம்மா, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, மெதுவாக அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ அப்பிடி உக்காந்துகினு இரும்மா. ராவெல்லாம் முழிச்சிகினு இருந்திருப்ப. நாங்க பாத்துக்கறோம்."

"நான் பூசறேன் சின்னம்மா."

"பெரியவங்க சொன்னா கேளும்மா. உனக்கு ரெஸ்ட்டு வேணும்."

அவள் குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை. பிரியமாகத்தான் சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன். மற்றப் பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள், மஞ்சள் பூசினார்கள். அம்மாவின் பாதங்கள் களத்துச் சூட்டில் வெடித்து வெடித்துக் கறுத்திருக்கும். அதில் யாரோ அவசரமாகப் பூசிவிட்டு எழுந்தார்கள்.

மாமன் வீட்டுக் கோடிச் சேலை வந்தது. கஞ்சி விறைப்போடு இருந்த புதுச் சேலை. இரண்டு பேர் கட்டப் பார்த்தார்கள், மடிப்பு நிற்கவில்லை. ஜல்தியா முடிங்க என்று வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள். நான் எழுந்து போனேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சேலையை வாங்கி, கொசுவம் வைத்து, அம்மாவின் இடுப்பில் செருகி, முந்தியைத் தோளில் சரியாக விழவைத்தேன். யாரும் தடுக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள். யாருக்காவது சேலை சுற்றிக் காட்டும்போது வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிடும் எனக்கு. அன்று ஒரு சொல்கூட வரவில்லை. காதோரம் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டு நகர்ந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு முன்பே கடையை விட்டு நின்றேன். "உனக்கு எதுனா குறை வெச்சமாம்மா?" என்று முதலாளியம்மா கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். பிறகு ஓர் அரிசி மண்டி ஆபீசில் போன் எடுக்கும் வேலை கிடைத்தது. எந்த ரகம், எத்தனை மூட்டை, லாரி எப்போது கிளம்பும், இவ்வளவுதான் பேச்சு. சாதம் குழையுமா என்று கேட்டால் குழையும் அல்லது குழையாது என்று சொல்வேன்.

தம்பி வேலைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டான். நான் அவர்களோடுதான் இருக்கிறேன். அந்த விளம்பரம் அதற்குப் பிறகும் வெகு காலம் ஓடியது. வீட்டில் டிவி பார்க்கும்போது அது வந்தால் தம்பி சேனலை மாற்றிவிடுவான். புதிதாக வந்த அவன் மனைவிக்குக் காரணம் தெரியாது. "நல்லாத்தானே இருக்குது, ஏன் மாத்தறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வேற எதுனா பாக்கலாம்" என்றான். என் பக்கம் அவன் திரும்பவில்லை.